மூன்று வாரப் பழுப்பு

ஜனவரி 9

இந்த உறைக்குள் ஒரு மெழுகுவர்த்தித் துண்டு இருக்கிறது. காகிதத்தில் பிசுபிசுப்பு இருந்தால் அதனால்தான்.

போனிலேயே கேட்டிருக்கலாம். போட்டோவும் எடுத்துப் பார்த்தேன். ஜன்னலோரம் எடுத்தால் காவி, டியூப் லைட்டில் எடுத்தால் சாக்லேட். கையில் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்பதால் தபாலில் அனுப்புகிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மேசைக்கடைக்காரர் வீடு தேடி வந்திருந்தார். விற்கிற ஒவ்வொரு சாப்பாட்டு மேசைமேலும் ஒரு பழுப்பு மெழுகுவர்த்தி வைத்துக் கொடுப்பாரே, அவர்தான். கடைசியாக அண்ணன் கொண்டுபோய்க் கொடுத்ததில் ஒன்றே ஒன்று அவருடைய கல்லா பக்கத்தில் நிற்கிறதாம். “உங்க அண்ணன் கலர் வேற யார்கிட்டயும் கிடைக்கலம்மா. மரத்தோட அப்படியே ஒட்டிக்கும். நூத்தி இருபது வேணும், மார்ச் கடைசிக்குள்ள. வாசனை மட்டும் போட வேண்டாம், வர்றவங்க தும்முறாங்க” என்றார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் போனபின் மூன்று வருஷமாகப் பரணில் கிடந்த பாத்திரத்தை இறக்கித் தேய்த்தேன். நீங்கள் விட்டுப்போன நோட்டில் உள்ளபடிதான் செய்தேன். ஒரு கிலோ மெழுகுக்குச் சிவப்புச் சாயத்துண்டு மூன்று, மஞ்சள் ஒன்றரை, பச்சை ஒன்று. எடுத்துப் பார்த்தால் செங்கல். வீடு கட்டலாம், மேசையில் வைக்க முடியாது.

நோட்டில் எழுதாமல் விட்டது ஏதாவது இருந்தால் எழுதி அனுப்பவும்.


ஜனவரி 15

அன்புள்ள வாயாடிக்கு,

உறையின்மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே பிரித்துவிட்டேன். மெழுகுத்துண்டு மடியில் விழுந்தது. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலே யாருக்கு என்று இல்லை. கீழே யார் என்றும் இல்லை. மின்சார அலுவலகத்திலிருந்து வரும் காகிதத்தில்கூட ‘ஐயா / அம்மா’ என்று ஒரு வரி இருக்கும்.

போகட்டும். முதலில் பழுப்பு.

உருகிய மெழுகு பாத்திரத்தில் இருக்கும்போது நிறத்தைப் பார்க்காதே. சூட்டில் எல்லாமே கருமையாகத்தான் தெரியும். ஸ்பூனில் எடுத்து வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விடு. அது முழுக்க ஆறி, நகத்தால் தட்டினால் சத்தம் வரவேண்டும். அதற்குப் பிறகு பார். நீ பொறுமையில்லாமல் பாதி ஆறியதுமே பார்த்திருப்பாய் என்று பந்தயம் கட்டுகிறேன். உன் துண்டில் சிவப்பு தூக்கலாக இருக்கிறது. பச்சையைச் சுரண்டிச் சுரண்டிச் சேர். சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று அடக்குகிற இடத்தில்தான் பழுப்பு வரும். ஒரு சிட்டிகை கூடினாலும் பச்சை ஜெயித்துவிடும், ஜாக்கிரதை.

நோட்டில் நான் எதையும் விடவில்லை. எட்டு வருஷம் அதே அளவில்தான் கலந்தேன். நீ இப்போது வாங்கிய சிவப்புத் துண்டு பழையதைவிடக் கனமாக இருக்கும் போல.

இங்கே வீடு சின்னது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக் குளியலறைக் குழாய் தெரியும். அவர் அதிகம் பேசுவதில்லை. துணியை நேர்க்கோட்டில் காயப்போடுகிறார், நான் போட்டதையும் எடுத்துத் திரும்பப் போடுகிறார். சிரிப்பாக வருகிறது, சில நாள் எரிச்சலாகவும் வருகிறது.

பதிவு அலுவலகத்தில் கல்யாணக் கையெழுத்துப் போட்ட அன்று சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். ஒரு ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லி அரை மணி நேரம் நிறுத்தி வைத்தேன். லீவு கிடைக்கவில்லை என்று நீ அனுப்பிய செய்தியை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். கடைசியில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் கையெழுத்துப் போட்டார். பல் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் லீவு கிடைக்காதா என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை, எழுதுகிறேன், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
என்ன உறவு என்று நீ சொன்னால் போட்டுக்கொள்கிறேன்.


ஜனவரி 24

பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். பாதி ஆறியதும்தான் பார்த்தேன்.

இரண்டாவது தடவை நீங்கள் சொன்னபடி சொட்டு விட்டு, ஆறவைத்து, நகத்தால் தட்டி, பச்சையைச் சுரண்டிச் சேர்த்தேன். அழகான குளத்துப் பாசி கிடைத்தது. மூன்றாவது தடவை சிவப்பைக் கூட்டினேன். நாள்பட்ட ரத்தக் கறை மாதிரி வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவிடம் காட்டினேன், “எந்தப் பேஷண்ட்?” என்று கேட்டார். நாலாவது பரவாயில்லை, ஆனால் வெளிறிப்போய் இருக்கிறது. நாலையும் சீட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறேன்.

கூடவே காகிதத்தில் சுற்றியிருப்பது அந்தப் பழைய மெழுகுவர்த்தியின் அடித்துண்டு. கடைக்காரரிடம் கெஞ்சினேன். கத்தியால் ஒரு விரல் கனம் நறுக்கிக் கொடுத்தார். கொடுக்கும்போது அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கும்தான். பத்திரமாகத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இந்த ஆர்டரை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கென்ன வேலை இல்லையா? ஆனால் அவர் ‘உங்க அண்ணன் கலர்’ என்றார். அண்ணனுடைய சட்டைகளைக் கொடுத்தாயிற்று, வண்டியை விற்றாயிற்று. நிறம் ஒன்று மிச்சம் இருக்கிறது என்று யாரோ வந்து சொன்னால் எப்படி விடுவது?

கடிதத்தின் மேல் ஏன் எதுவும் போடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கேட்கவில்லை, எழுதியிருந்தீர்கள். பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அண்ணி என்று எழுதினால் அண்ணியின் வீட்டுக்காரர் எனக்கு என்ன ஆகிறார்? அண்ணா ஆகிறார். அது என்னால் முடியாது. சரி, வேறு எப்படிக் கூப்பிடுவது? பதினெட்டு வருஷம் ஒரே சமையலறையில் இடித்துக்கொண்டு நின்றவரை மேடம் என்றா? அதனால் காலியாக விட்டேன். இதற்கு நீங்களும் ஒரு அளவு எழுதி அனுப்பினால் நல்லது. சிவப்பு எத்தனை, பச்சை எத்தனை என்று.


பிப்ரவரி 2

அன்புள்ள வாயாடிக்கு,

பழுப்பைக் கண்டுபிடித்தாகிவிட்டது. நான் கண்டுபிடிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இரண்டு நாள் தயங்கினேன்.

நீ அனுப்பிய நாலையும் பழைய துண்டையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்திருந்தேன். உன் நாலாவது துண்டு நான் அந்தக் காலத்தில் கலந்ததேதான், ஆறியதும் இப்படித்தான் இருக்கும் என்று கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனால் பழைய துண்டு அதைவிட இரண்டு மடங்கு ஆழமாக இருக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் வேலையிலிருந்து வந்தார். சோப்புத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். எதையும் முதலில் மூக்கில் வைத்துத்தான் பார்ப்பார், என் புடவையைக்கூட. பழைய துண்டை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்தார்.

“இதுல வெனிலா இருக்கே” என்றார்.

“ஆமா, வாசனைக்குப் போடுவார். இப்ப அது வேண்டாம்னு கடைக்காரர் சொல்லிட்டார். அதுக்கும் கலருக்கும் என்ன?”

“அதுதான் கலரே. வெனிலா போட்ட வெள்ளை சோப்பு கிடங்குல மூணு வாரம் இருந்தா டீ கொட்டின மாதிரி ஆயிடும். அதுக்காக மேனேஜர்கிட்ட நான் வாங்காத திட்டு இல்ல.”

பழைய துண்டை வாங்கி நானும் முகர்ந்து பார்த்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். சாயம் கலக்குவது என் வேலை. வாசனை சீசாவைத் திறந்தாலே எனக்குத் தலைவலி வரும் என்பதால் கரண்டியை உன் அண்ணன் கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே போய்விடுவேன். அவர் ஊற்றி, அச்சில் வார்த்து, பெட்டியில் அடுக்கிப் பரணில் ஏற்றிவிடுவார். ஒரு மாதம் கழித்துத்தான் கடைக்குப் போகும். இறக்கும்போது அந்த நிறத்தைப் பார்த்து, “என்ன கை உனக்கு!” என்பார். நானும் வெட்கமில்லாமல் சிரிப்பேன். எட்டு வருஷம் இரண்டு பேரும் அது என் கைவண்ணம் என்றே நினைத்திருக்கிறோம். அவர் சாய்த்த இரண்டு மூடி எண்ணெய் யாருக்கும் தெரியாமல் பரணில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறது.

இதை உன் அண்ணனிடம் சொல்ல முடியவில்லையே என்று அழுகை வந்தது. இந்த வீட்டில் அவருக்காக நான் அழுதது அதுதான் முதல் தடவை. எதிரில் இருந்தவர் எழுந்து போகவும் இல்லை, தேற்றவும் இல்லை. அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கப்போவதைப் பார்த்துப் போய் அணைத்துவிட்டு வந்து, திரும்ப அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

நீ அளவு கேட்டிருந்தாய். என்னிடம் அளவு இல்லை. உனக்கு இன்னொரு அண்ணன் தேவை என்று நான் இங்கே வரவில்லை. எனக்கு ஒரு துணை வேண்டியிருந்தது, வந்தேன். அவரை நீ ஒன்றும் கூப்பிட வேண்டாம். என்னைக் காலியாக விடாதே. அது தாங்கவில்லை.

பழைய துண்டைப் பஞ்சு சுற்றி அனுப்பியிருக்கிறேன். கீழே நாலு வரி எழுத அவர் பேனாவைக் கேட்கிறார்.

இப்படிக்கு,
உன் அண்ணி (வேண்டாமென்றால் அடித்துவிடு)

வணக்கம். வார்த்த மெழுகை வெயில் படாத இடத்தில் மூடி வைக்கவும். நடுவில் திறந்து திறந்து பார்த்தாலும் கெட்டுப்போகாது, பார்க்கலாம். வெனிலா இல்லாமல் அதே நிறம் வராது. கிட்டத்தட்ட வரவழைக்க மஞ்சளைக் குறைத்து, நீலம் ஒரு சுரண்டல் சேர்த்துப் பார்க்கவும். கேட்காமல் எழுதியதற்கு மன்னிக்கவும்.


மார்ச் 12

அன்புள்ள அண்ணி,

அடிக்கவில்லை.

உடனே பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். மூன்று வாரம் ஆகும் என்று சொன்னது உங்கள் வீட்டு ஆள்தான்.

இரண்டு விதமாகவும் வார்த்தேன். அந்த நாலாவது அளவில் கலந்த ஒரு டஜனில் வெனிலா ஊற்றினேன். இன்னொரு டஜனில் வாசனை இல்லாமல், மஞ்சளைக் குறைத்து நீலம் சுரண்டிப் போட்டேன். இரண்டையும் பரணில் ஏற்றினேன். திறந்து பார்க்கலாம் என்று எழுதியிருந்ததால் தினமும் வேலைக்குப் போகுமுன் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். முதல் வாரம் வெனிலா டஜனும் வெளிறித்தான் இருந்தது. பத்தாம் நாள் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் இருட்டியது. எனக்குச் சந்தேகம், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இருபதாம் நாள் ஸ்டூல்மேல் நின்றுகொண்டே அந்தப் பழைய துண்டைப் பக்கத்தில் வைத்தேன். எது எந்தத் துண்டு என்று தெரியவில்லை அண்ணி. கீழே இறங்கத் தோன்றாமல் பரண் கட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரம் தாமதம். டாக்டர் அம்மா கேட்டதற்கு, அண்ணனைப் பார்க்கப் போயிருந்தேன் என்று வாய்வரை வந்தது, பஸ் வரவில்லை என்று சொன்னேன்.

நீலம் போட்டதும் நன்றாகவே இருக்கிறது. அது வேறு பழுப்பு. கொஞ்சம் குளிர்ச்சி, ஈர மண் மாதிரி. குறை சொல்ல ஒன்றும் இல்லை, அண்ணன் கலர் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டிலும் இரண்டு எடுத்துக்கொண்டு மேசைக்கடைக்குப் போனேன். பழையது வேண்டுமென்றால் வாசனையோடுதான் வரும், வாசனை வேண்டாமென்றால் இதுதான், நீங்களே சொல்லுங்கள் என்று வைத்தேன். மேசைமேல் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். கடைசியில் நீலம் போட்டதைத் தொட்டார். வலிக்கும் என்று நினைத்திருந்தேன், அவ்வளவு வலிக்கவில்லை. வெனிலா டஜன் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. ஆறு உங்களுக்குத் தனிப் பார்சலில் வருகிறது. தலைவலி வந்தால் பெட்டியைத் திறக்காதீர்கள், வைத்திருந்தால் போதும்.

அவரை அண்ணா என்று கூப்பிட எனக்கு வராது. இனிமேலும் வராது என்றுதான் நினைக்கிறேன். சோப்புக்காரர் என்று சொல்லிக்கொள்கிறேன், அவரிடம் கேட்டுவிடுங்கள். மன்னிப்பெல்லாம் வேண்டாம், நல்ல யோசனை சொன்னார் என்றும் சொல்லுங்கள். அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை எனக்கு லீவு. இந்தத் தடவை நிஜமான லீவு. வீடு சின்னது என்று எழுதியிருந்தீர்கள், கூடத்தில் ஒரு பாய் விரிக்க இடம் இருந்தால் போதும்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். நான் கிளம்பும்போது மேசைக்கடைக்காரர் மெழுகுவர்த்தியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார், “இந்தக் கலர் யார் கலந்தது, நீங்களா?”

“எங்க அண்ணி சொல்லிக் குடுத்தாங்க.”

“அவங்களை ரொம்ப நாளா இந்தப் பக்கம் காணோமே. எங்க இருக்காங்க?”

“கல்யாணம் ஆகிப் போயிட்டாங்க.”

“யாரு, அண்ணியா?”

“ஆமா.”

நீங்கள் போன இந்த எட்டு மாதத்தில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. மனுஷர் என்னைப் பார்த்தார், மெழுகுவர்த்தியைப் பார்த்தார். அப்புறம், “நல்லா இருக்காங்களா?” என்று கேட்டார். நல்லா இருக்காங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்