ஒரே பாஷைதான் பேசணும்

1996 ஜூலை 8, திங்கள்

காலையிலேயே அனல் காற்று. பள்ளியில் கரண்ட் இல்லை, பிள்ளைகளுக்கு வியர்வையில் காது மிஷின் வழுக்கிக்கொண்டே இருந்தது.

ஷாஹினா இன்று “ஆமை” என்றாள். படத்தைப் பார்த்து, தானாக! ஐந்து வயது. பிறவியிலேயே காது கேளாது. மிஷின் மாட்டி ஒரு வருஷம் ஆகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் கூட்டிப்போக அப்பா அக்பர் வந்தார். கிரில் பட்டறை வைத்திருப்பவர். சொன்னதும் முகமெல்லாம் சிரிப்பு. “எல்லாம் நீங்க சொன்னபடிதாங்க டீச்சர். வீட்ல உருது ஒரு வார்த்தை கிடையாது. ஸ்ட்ரிக்டா சொல்லிட்டேன்.”

பின்னால் அம்மா பர்வீன், இடுப்பில் கைக்குழந்தை. வாணியம்பாடிப் பெண், தமிழ் அவ்வளவாக வராது. கணவரிடம் மெதுவாக ஏதோ கேட்டார். “கச்சுவா” என்று அக்பர் உருதுவில் ஆமைக்குப் பெயர் சொன்னது காதில் விழுந்தது. மகள் பேசிய வார்த்தைக்கு அம்மாவுக்கு அர்த்தம் தெரியவில்லை.

வாங்க: பென்சில் செல், சாக்பீஸ், அம்மாவுக்கு முட்டி வலித் தைலம்.

ஜூலை 12, வெள்ளி

மத்தியானம் ஷா. வீட்டுக்குப் போனேன். அக்பர் தொழுகைக்குப் போயிருந்தார். தெருவிலேயே பர்வீன் குரல் கேட்டது. மடியில் இருந்த குழந்தையிடம் உருதுவில் கொஞ்சல், சிரிப்பு, பாட்டு மாதிரி. இந்தப் பெண் இவ்வளவு பேசுவாரா!

ஷா. உள்ளேயிருந்து வந்தாள். பர்வீன் சட்டென்று முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு மிச்சத்தைப் பேசினார்.

“ஏங்க வாய மூடறீங்க?”

“இவ உதட்டப் பாக்கறா டீச்சர். உருது பாத்தா தமிழ் கெட்டுடும், அவரு சொன்னாரு. டாக்டர் சொன்னாரு. நீங்களும் சொன்னீங்க.”

“இவகிட்ட என்ன பேசுவீங்க?”

“தண்ணி. சோறு. வா. செருப்பு போடு.” யோசித்தார். “அவ்ளோதான் வரும்.”

நானும் அப்படிச் சொன்னது உண்மைதான். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். காது கேளாத பிள்ளைக்கு ஒரு பாஷை போதும், இரண்டானால் குழம்பும். எல்லா வீட்டுக்கும் ஒப்பிக்கிறோம்.

வேங்கிக்காலில் வீடு வந்து சேரும்வரை தலைவலி. ராத்திரி சமைக்கவில்லை. காலை இட்லியே.

ஜூலை 15, திங்கள்

பெரிய டீச்சரிடம் சொன்னேன்.

“நாளைக்கு அந்தப் பொண்ணு தமிழ் ஸ்கூலுக்குத்தானே போகணும்? அப்ப தமிழ்தான்.”

“ரமணாசிரமம் பக்கத்துல இருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா பையனக் கூட்டிட்டு வந்தாங்களே, அவங்க வீட்ல தமிழ்ல பேசணும்னா சொன்னோம்? இங்கிலீஷ்லயே பேசுங்கன்னுதானே சொன்னோம்?”

பெரிய டீச்சர் “அது வேற” என்றார். டீ ஆறிவிட்டது, வேறு போடச் சொன்னார்.

எது வேற?

ஜூலை 19, வெள்ளி

பெரிய டீச்சரைக் கேட்காமல் ஷா. வீட்டுக்குப் போனேன். பர்வீனிடம் சொன்னேன்: “இனிமே உங்க பாஷையிலயே பேசுங்க. முகத்த நல்லா காட்டிப் பேசுங்க. நான் சொல்றேன்.”

நம்பவில்லை. இரண்டாம் தடவை கேட்டார். பிறகு ஷா.வை எதிரில் உட்காரவைத்து, தலைமுடியை ஒதுக்கிவிட்டு, உருதுவில் ஏதோ பேச ஆரம்பித்தார்.

ஷா. பார்த்தாள். கையை நீட்டி அம்மாவின் முந்தானையை எடுத்து, அம்மா வாயை மூடினாள். கோபமில்லை. அதுதான் முறை என்பது போல.

பர்வீன் துணியை விலக்கிவிட்டு மறுபடி பேசினார். அவள் மறுபடி மூடினாள்.

கைக்குழந்தை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. பர்வீன் சத்தமில்லாமல் அழுதார். அங்கிருந்து எப்படிக் கிளம்பினேன் என்றே நினைவில்லை.

ஜூலை 20, சனி

அக்பர் பள்ளிக்கே வந்துவிட்டார். பெரிய டீச்சர் முன்னால் பேசினார்.

“உருது வேணாம்னீங்க. இப்ப வேணும்ன்றீங்க. ஒரு வருஷமா என் வீட்ல பேச்சே கம்மிங்க. பர்வீன் உருதுல வாயத் தொறந்தா நான் கத்துவேன். நீங்க சொன்னீங்கன்னு கத்துனேன்.”

குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருக்கலாம்.

“நான் சொன்னது தப்புங்க” என்றேன். பெரிய டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அக்பர் போனபிறகு, “பள்ளிக்கூடத்து மானத்த வாங்கிட்ட” என்றார். அதற்குப் பிறகு என்னிடம் பேச்சில்லை.

செருப்பு வார் அறுந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு வரை கையில்.

ஜூலை 25, வியாழன்

ஷா. இந்த வாரம் முழுக்க வரவில்லை. கீழ்பென்னாத்தூர் செல்வி, மகனை விட வந்தவர், “எங்க டீச்சர் அந்த பாய் வூட்டுப் பொண்ணு? இவன் அது பக்கத்துலதான் குந்துவேன்னு அழுவறான்” என்றார். உடம்பு சரியில்லை என்று சொல்லிவைத்தேன்.

அம்மாவுக்குத் தைலம் ஒத்துக்கொள்ளவில்லை. தோல் சிவந்துவிட்டது.

ஜூலை 30, செவ்வாய்

பௌர்ணமி. மலை சுற்ற வந்த கூட்டம், பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. அக்பர் காலையில் பள்ளிக்குப் போன் செய்து, கிளம்புகிறார்கள் என்று மட்டும் சொன்னார். ஓடினேன்.

வாணியம்பாடி வண்டி. பர்வீன் ஜன்னலோரம், மடியில் ஷா., பக்கத்தில் பையில் சாய்த்து உட்காரவைத்த குழந்தை. மிஷினை மறக்கவில்லை, கவுன் மேல் வார் போட்டு மாட்டியிருந்தது. வாங்கிப்போன செல்லை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.

“எவ்ளோ நாளுக்குங்க?” கீழே நின்ற அக்பரைக் கேட்டேன்.

“தெரியலைங்க. அங்க பர்வீனோட அக்கா தங்கச்சிங்க ஜாஸ்தி. எல்லாரும் பேசிட்டே இருப்பாங்க. பாக்கட்டும்.” பிறகு, “டீச்சர், வந்த தமிழ் போயிடுமா?”

“தெரியலைங்க.”

தலையாட்டினார். அதற்கும் கோபப்படவில்லை.

பர்வீன் குனிந்து ஷா. முகத்துக்கு நேராக ஏதோ சொன்னார். நீளமாக. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஷா. கையை மடியிலேயே வைத்துக்கொண்டு பார்த்தாள். வண்டியை எடுத்துவிட்டான்.