நடைபாதையில் ஒரு குடை அகலம்

நவம்பர் 4, செவ்வாய். தூறல்.

அக்கா நம் பிளாஸ்டிக் சாமான் கடை வாசலில், நடைபாதையிலேயே விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். பின்னால் வந்தது சாப்பாடு கொண்டுபோகும் பேட்டரி சைக்கிள். நான் அப்போது குடோனில். சத்தம் கேட்டு வந்து பார்த்தால் சைக்கிள்காரன் அவளைத் தூக்கி, விற்க வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்திருந்தான். தண்ணீரும் கொடுத்தாயிற்று. இத்தனை அக்கறை எதற்கு? இடிக்காதவன் வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருப்பான்.

பெயர் வெள்ளையன். முப்பத்தைந்து வயது இருக்கும். கல்வராயன் மலை, வெள்ளிமலைப் பக்கம். இங்கே வாடகை ரூம். பக்கத்துப் பரோட்டா கடை ராஜேந்திரனிடம் பார்சல் எடுக்க வந்தவன். கேட்டதற்கு, "பெல் அடிச்சேன், அம்மா ஒதுங்குனாங்க, விழுந்துட்டாங்க" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பாடம் பண்ணின மாதிரி. போனில் அவனைப் படம் பிடித்துக்கொண்டேன்.

மாவுக்கட்டு. டிசம்பர் நடு வரை பிரிக்கக் கூடாதாம்.

சாக்கடை ஓரத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் துண்டு கிடந்தது. கொஞ்சம் வளைந்த துண்டு. அவன் வண்டியில் உடைந்ததாகத்தான் இருக்கும். சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். சட்டையைத் துவைக்கப் போடக் கூடாது.

நவம்பர் 5, புதன். பௌர்ணமி. கூட்டமெல்லாம் திருவண்ணாமலை பஸ்ஸில், கடையில் ஈ ஆடவில்லை.

உளுந்தூர்பேட்டைக்கு நாற்காலி லோடு. அக்காவுக்கு மாத்திரை. கல்லாவுக்கு ஆள். ஸ்டேஷனில் புகார்.

ராஜேந்திரனைப் பார்த்தேன் (இனி ரா.). வெள்ளையன் என் ஆளே இல்லை, டெலிவரி கம்பெனி ஆள் என்கிறான். வெள்ளையனைக் கேட்டால், கம்பெனிக்காரர்கள் அவனைத் தங்கள் ஆள் என்று சொல்வதில்லையாம், சொந்தமாக ஓட்டுகிறவனாம். ஆக, யாருடைய ஆளும் இல்லாமல் சைக்கிள் தானாக ஓடிக்கொண்டிருக்கிறது.

புகார் என்றதும் ரா. முகம் மாறியது.

"அண்ணே, புகார் குடுத்தா நகராட்சிக்காரன் பிளாட்பாரத்த அளக்க டேப்ப எடுத்துக்கினு வருவான். என் அடுப்பு மட்டுமா போவும்? உங்க கொடமுந்தான் போவும். பாத்துக்கோங்க."

என் குடத்துக்காக இவன் கவலைப்படுகிறான். நம்பச் சொல்கிறான்.

மத்தியானம் வாசலில் நின்று கவனித்தேன். ரோட்டின் நடுவில் தடுப்பு வைத்ததிலிருந்து திரும்ப வேண்டுமானால் ரொம்ப தூரம் போக வேண்டும். அதனால் பார்சல்காரர்கள் எல்லாரும் மெடிக்கல் முனையில் நடைபாதை மேல் ஏற்றி எதிர்த்திசையில் வருகிறார்கள். ஒருவனும் இறங்கித் தள்ளவில்லை. கைப்பிள்ளைக்காரி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு ரோட்டில் இறங்கி நடந்தாள், கரும்பு லாரி பக்கத்தில்.

சாயங்காலம் அக்கா வீடு. புகார் வேண்டாம் என்கிறாள். ஏன்? "பெல் அடிச்சான், ஒதுங்குனேன், விழுந்தேன். அவ்ளோதான்."

அவன் சொன்ன அதே வாக்கியம். வார்த்தை பிசகவில்லை.

மூலையில் ஒரு பை சீத்தாப்பழம். யார் கொடுத்தது என்றேன். வெள்ளையனாம். அப்படியானால் வந்து போயிருக்கிறான். எதிலாவது கையெழுத்து கேட்டானா என்றேன்.

"எந்தக் கையால போட?" என்று கட்டைத் தூக்கிக் காட்டினாள்.

கிளம்பும்போதுதான் சொன்னாள். கட்டு பிரித்த பிறகும் கடைக்கு வரமாட்டாளாம். "அந்த பிளாட்பாரத்துல இனிமே நான் கால் வெக்க மாட்டேன். பயமா கீது. வேற ஆளப் போட்டுக்க."

கடை ஆரம்பித்த நாளிலிருந்து கல்லாவில் அக்காதான். கிராமத்துச் சனம் என்னிடம் பேரம் பேசும், அவள் சொன்ன விலைக்கு மறுபேச்சு இல்லாமல் எடுக்கும். அவள் இல்லாமல் நான் வெறும் குடோன்காரன். தூக்கம் வரவில்லை.

நவம்பர் 6, வியாழன். நல்ல மழை.

நைனார்பாளையத்துப் பெண் ஒருத்தி, எப்போதும் வருகிறவள். அக்கா எங்கே என்றாள். சொன்னேன். உச்சுக்கொட்டிவிட்டு வெளி வரிசையிலிருந்து ஒரு நீலக் குடத்தை எடுத்து வந்தாள்.

"வாயி ஒடஞ்ச கொடத்துக்கு முழு வெலையா? அக்கா இருந்தா இத இப்பிடி விப்பாங்களா?"

வேறு குடம் கொடுத்து அனுப்பினேன். அவள் போன பிறகு சட்டைப் பையிலிருந்து அந்த நீலத் துண்டை எடுத்து உடைந்த வாயில் வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. மயிரிழை இடைவெளி இல்லை.

காலமெல்லாம் குடம் விற்கிறவன். தொட்டதுமே தெரிந்திருக்க வேண்டும்.

தீபாவளிக்குக் கூடுதலாக ஒரு வரிசை வெளியே போட்டேன். கண்ணில் படுகிற சரக்குதான் விற்கும். விற்றது. அப்புறம் உள்ளே எடுக்கவில்லை. ரா. அடுப்பு ஒரு பக்கம், என் வரிசை ஒரு பக்கம். நடுவில் ஒரு ஆள் போகலாம். இல்லை ஒரு சைக்கிள் போகலாம். இரண்டும் என்றால் ஒன்று விழ வேண்டும்.

குடத்தைக் குடோனில் சாக்குக்கு அடியில் போட்டேன். யாரும் பார்க்கவில்லை.

இருந்தாலும் அவன் நடைபாதையில் ஓட்டியது தப்பு. அது தப்புதான்.

நவம்பர் 8, சனி. மேகமூட்டம். வீட்டில் காஸ் தீர்ந்துவிட்டது.

வெள்ளையனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். சைக்கிளைச் சுற்றிப் பார்த்தேன். நீல நிறத்தில் எதுவுமே இல்லை. பை கறுப்பு ரெக்சின். டீ வாங்கிக் கொடுத்தேன். தயங்கித்தான் குடித்தான். அவனும் என்னைச் சந்தேகப்படுகிறான், நியாயம்தான்.

ஏன் இறங்கித் தள்ளக் கூடாது என்றேன். லேட்டானால் காசைப் பிடிக்கிறார்களாம், சுற்றிப் போனால் பேட்டரியும் தாங்காதாம். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு ஒன்று சொன்னான். நான் சின்ன வயதில் சைக்கிள் நிறையக் குடம் கட்டிக்கொண்டு வெள்ளிமலை சந்தைக்கு வருவேனாம், அவன் பார்த்திருக்கிறானாம். "சந்தைக்குள்ளயே ஓட்டிக்கினு வருவீங்க, மொதலாளி. ஒருநாளும் எறங்கி நான் பாத்ததில்ல."

என் டீ ஆறிவிட்டது.

நேராகவே கேட்டேன். குடம் சரிந்ததை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?

"அம்மாதாங்க வாணாம்னாங்க. கொடம் சரிஞ்சி அதுல கால் மாட்டித்தான் விழுந்தாங்க. தூக்கும்போதே சொல்லிட்டாங்க. பெல் அடிச்ச, நான் ஒதுங்குனேன், விழுந்தேன், அவ்ளோதான் சொல்லணும். கொடத்தப் பத்திப் பேசுனா தம்பி கடைக்கு ஆவாதுன்னு."

கை முறிந்து கிடக்கும்போது அவளுக்கு என் வெளி வரிசை ஞாபகம். நான் மூன்று நாளாக அவள் மேலும் சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு. வெயில். கடை அரை நாள்.

மத்தியானம் அக்கா வீட்டில் பேச்சு. நான், ரா., வெள்ளையன். ரா. வரும்போது பரோட்டா பார்சல் கொண்டுவந்தான். காரியம் இல்லாமல் அவன் பார்சல் கட்டமாட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கேட்டாள்: "அந்தக் கொடத்த எங்கடா ஒளிச்சி வெச்ச?"

குடோனில் என்றேன். ரா. சிரித்தான். "ஒன் அடுப்பு மட்டும் இன்னா, அந்தரத்துலயா நிக்குது?" என்று அவனையும் ஒரு போடு போட்டாள்.

நடக்க எத்தனை அடி விடுவது என்று ரா. கணக்குப் பேச ஆரம்பித்தான். இரண்டடி என்றான், மூன்றடி என்றேன். டேப் என்றால் அவனும் இழுப்பான், நானும் இழுப்பேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்:

"அடியும் வாணாம், டேப்பும் வாணாம். நான் கொடைய விரிச்சிக்கினு நடந்து வரேன். எதுல இடிக்குதோ அது உள்ள போவணும். அப்பிடின்னா கடைக்கு வரேன்."

ரா. பத்து நாளில் அடுப்பை மறுபடி வெளியே தள்ளுவான் என்று எனக்குச் சந்தேகம். அவனுக்கும் என் மேல் அதே.

ஒப்புக்கொண்டது:

நாளை காலை அக்கா இடது கையில் குடையை விரித்துக்கொண்டு மெடிக்கல் முனையிலிருந்து நம் கல்லா வரை நடப்பாள். இடிக்கிற சரக்கு அப்போதே உள்ளே, என்னுடையது முதலில். அடுப்பு இடித்தால் அடுப்பும். மாதம் ஒருமுறை மறுபடி நடப்பாள், எந்த நாள் என்று சொல்லமாட்டாள். வெள்ளையனும் மற்ற பார்சல்காரர்களும் முனையில் இறங்கித் தள்ளிக்கொண்டு வர வேண்டும். அதனால் லேட்டானால் பார்சல் தயாராகவில்லை என்று ரா. தன் மேல் போட்டுக்கொள்வான். புகார் இல்லை. கல்லாவில் அக்கா, நாளையிலிருந்தே, இடது கையால்.

குடை சின்னதாக இருக்கட்டும் என்றான் ரா. அக்கா என் பெரிய கறுப்புக் குடையைக் கேட்டாள். சரி என்றேன்.