தக்காளிக்கு ஊற்றிய குளோரின்

மலர்,

ரவாங் ஊரிலுள்ள சித்தி வீட்டுக்குப் போகிறேன். இடியப்பம் மேசையில் மூடியிருக்கிறது, சாப்பிடு.

தக்காளி செத்ததற்கு உன் ஆராய்ச்சி காரணமில்லை. வாடல் நோய் வராமலிருக்க நீ வேரில் நல்ல பாக்டீரியா ஊற்றிய மறுநாளே, அந்த மண்ணில் நான் குளோரின் ஊற்றினேன். முப்பது வருஷம் ஹெல்த் இன்ஸ்பெக்டராக இருந்தவனுக்குக் கிருமி என்றால் கொல்லத்தான் தெரியும். செடிகள் வாடியதும், “இதுதான் உன் நல்ல கிருமி லட்சணமா?” என்று சிரிக்கவும் செய்தேன். அன்றிலிருந்து நீ பின்பக்கத் தோட்டத்துக்குப் போவதே இல்லை.

ஃபிரிட்ஜில் தயிருக்குப் பின்னால் உன் பாக்டீரியா மீதியுள்ள போத்தல் இருக்கிறது. தொடவில்லை.

அப்பா

பி.கு.: வேலியோர வரிசைக்கு ஊற்றக் குளோரின் மிஞ்சவில்லை. அது மட்டும் பூத்து நிற்கிறது. ஒரு வாரமாகத் தினமும் பார்க்கிறேன். சொல்லத்தான் வாய் வரவில்லை.