சுகந்திக்கு ஒரு முதல் புத்தகம்

மச்சான்,

உன் புத்தகப் பெட்டியைத் திறந்தால் இன்னமும் தைல வாசம் அடிக்கிறது. பென்ரோஸ் கிடங்கில் நாள் முழுக்க ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு, மணிக்கட்டில் பூசித் தேய்த்தபடியே நீ வாசிப்பாய். நாற்பது புத்தகங்களிலும் அந்த வாசம் ஏறியிருக்கிறது. இரண்டு மாதமாக அதை என் கராஜில் வைத்து முகர்ந்துகொண்டு உன்னைத் திட்டுகிறேன். இத்தனையும் வாசித்தவனுக்கு, எதை முதலில் எடுக்க வேண்டும் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிவைக்க நேரம் கிடைக்கவில்லையா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டாய்.

கேட்டது உன் மனைவி. உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் சுகந்தி என்னைக் கூப்பிட்டு அந்தப் பெட்டியைக் காட்டினாள். “அண்ணை, ஏழு வருசமா இவர் இதோடதான் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமையில என்னை விட்டிட்டு, இதுகளில வாற பழைய சண்டை நடந்த இடங்களைப் பாக்க எண்டு போயிடுவார். கேட்டா ஒண்டும் சொல்லமாட்டார். இதில என்ன இருக்கெண்டு எனக்குத் தெரிய வேணும். விளங்கிற மாதிரி ஒண்டை எடுத்துத் தாங்கோ.”

உன்னுடைய அந்த ஏழு வருடத்தையும் அவள் திருப்பிக் கேட்கிறாள் என்பது எனக்கு அங்கேயே விளங்கியது. நான் பிழையான புத்தகத்தைக் கொடுத்தால் அவள் மூடி வைத்துவிடுவாள். கணவன் தன்னிடமிருந்து தப்பிப் போய் வாசித்தான் என்ற நினைப்புத்தான் அவளுக்கு மிஞ்சும். ஆழம் தெரியாமல் காலை விட்டேன், சரி என்றேன்.

நூற்றறுபது வருடத்துக்கு முன் இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் நிலத்தைப் பிடிக்க வெள்ளைக்காரர் நடத்திய இந்தப் போரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தேநீர் இடைவேளையில் நீ சொன்னது மட்டுந்தான். “நாங்கள் வேலைக்கு வாற இந்த கிரேட் சவுத் ரோட் என்னத்துக்கு வெட்டினது தெரியுமோ? வைகாட்டோ மாவோரியளின்ர காணிக்குள்ள ஆமி இறங்கிறதுக்கு.” நான் வாய்க்குள் சாண்ட்விச்சோடு, “ஆமி போகாத ரோட்டு எங்க இருக்கு? நீ சாப்பிடு” என்றேன். நீ சாப்பிடவில்லை. அன்று தொடங்கியது உன் பைத்தியம்.

பெட்டிக்குள் இருந்தவை எல்லாம் தடித்த புத்தகங்கள், அதனால் லைப்ரரிக்குப் போனேன். புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டேன். பெரிய எழுத்தும் வண்ணப் படங்களுமாக மெல்லிய ஒன்றைத் தந்தார்கள். கொண்டுபோய்க் கொடுத்து இரண்டு மணித்தியாலத்தில் சுகந்தியின் ஃபோன் வந்தது. “இது பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குரியது அண்ணை. துவக்கோட நிக்கிற ஆமிக்காரனைச் சிரிச்ச முகமாக் கீறி வச்சிருக்கினம்.”

அடுத்ததன் அட்டையிலேயே எளிய அறிமுகம் என்று போட்டிருந்தது. எளியதாம். முதல் அத்தியாயத்திலேயே ஆளுநர்கள், அமைச்சர்கள், படைப்பிரிவுகள் என்று ஒரு கல்யாண வீட்டுக் கூட்டமே வந்து நின்றது. பத்தொன்பதாம் பக்கத்தின் மூலையை மடித்து அவள் திருப்பித் தந்தாள். எழுதியவரின் வீட்டு விலாசம் கிடைத்திருந்தால் நானே போய்க் கேட்டிருப்பேன்.

மூன்றாவது புத்தகத்தை நான் முதலில் முழுதாக வாசித்துப் பார்த்தேன். இலேசான ஆங்கிலம், விறுவிறுப்பான கதை. இதைவிட நல்லது கிடைக்காது என்று பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளும் வாசித்து முடித்தாள். போன ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்து அதை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: “ஆமி எந்த ஆத்தால வந்தது, எத்தனை பீரங்கி கொண்டு வந்தது எல்லாம் கிடக்கு. சனத்தைக் காணேல்லை. ஊரை விட்டுப் போன சனம் அண்டைக்கு இரவு எங்க படுத்தது எண்டு ஒரு வரியும் இல்லை. இதைப் பாக்கவோ இவர் ஏழு வருசம் போனவர்?”

எனக்குக் கோபம் வந்தது. முதலில் அவள்மேல், பிறகு உன்மேல், கடைசியில் என்மேல். ஊருக்குள் ஆமி வந்தபோது, பதினாறு வயதில் தையல் மெஷினைச் சைக்கிளில் கட்டி, சனத்துக்கு நடுவே உருட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவள் அவள். அவளுக்குத் தெரியாதது இந்த ஊர் ஆறுகளின் பெயரும் கொஞ்சம் ஆங்கிலமும்தான். போரில் அவள் தொடக்கக்காரி இல்லை. அதை விளங்கிக்கொள்ள எனக்கு மூன்று புத்தகம் தேவைப்பட்டது.

அன்று பின்னேரமே உன் பெட்டியைக் கராஜ் தரையில் கொட்டினேன். ஒவ்வொன்றையும் நடுவில் திறந்து சனத்தைத் தேடினேன். கடினம் என்று நான் ஒதுக்கிவைத்திருந்த ஒன்றில் கிடைத்தது. அந்தப் போரில் துரத்தப்பட்ட மாவோரிக் குடும்பம் ஒன்றின் வழிவந்த பெண் எழுதியது. மாவோரிச் சொற்கள் நிறைய, வசனங்களும் நீளம். எந்த லைப்ரரியும் அதைத் தொடங்குகிறவர் கையில் கொடுக்காது. இங்கிலாந்து அரசிக்கு விசுவாசச் சத்தியம் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஊரை விட்டுப் போங்கள் என்று உத்தரவு வந்ததையும், போனவர்கள் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பதையும் அந்தப் பெண் எழுதியிருந்தாள். ஓரம் முழுக்க உன் பென்சில் கோடுகள். அன்றைக்கே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நேற்றுச் சுகந்தி ஃபோன் எடுத்தாள். “பதினோராம் பக்கத்தில நிக்கிறன். ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம் போகுது. ஆனா விடமாட்டன். தோட்டத்துக் கிழங்கைக் கிண்டாமலே போயிருக்கினம் அண்ணை.” பிறகு கேட்டாள்: “இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை அவர்?”

எனக்கு மறுமொழி தெரியும். வேலைக் கார்பார்க்கில் ஒருநாள் நானும் உன்னை அதைத்தான் கேட்டேன். “அவள் நடந்த தூரம் போதும் மச்சான். திரும்ப நான் நடத்தக் கூடாது” என்றாய். அந்தக் கார்பார்க்கில்தான் வெள்ளிக்கிழமை தவறாமல், “ஞாயிறு வாறியோ? மத்தியானத்துக்கு முதல் திரும்பிடலாம்” என்றும் கேட்பாய். மகளுக்கு நீச்சல், புல் வெட்ட வேண்டும், வீட்டு மோர்ட்கேஜ் இருக்கிறது, ஓவர்டைம் செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் ஒன்றைச் சொல்வேன். அவளுக்குச் சொல்ல மனமில்லாததைச் சொல்ல உனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு அது உறைக்கவில்லை. இப்போது அதை நினைத்தால் என்னையே அறையலாம் போல் இருக்கிறது.

நீ சொன்னதை அப்படியே சுகந்திக்குச் சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். அவளுக்குக் கோபந்தான் வந்தது.

“அதை என்னட்டக் கேட்டிருக்கலாம். நானும் காருக்குள்ள ஏறியிருப்பன்.” மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “அண்ணை, இந்தக் கிழமை ஞாயிறு என்னை ஒருக்கா அவர் போன இடத்துக்குக் கூட்டிக்கொண்டு…”

அவள் கேட்டு முடிக்கமுன் ஓம் என்றேன். ஏழு வருடம் நீ கேட்டும் உனக்கு ஒருமுறைகூட நான் சொல்லாத ஓம்.