கவிழ்த்த படகுக்கு அடியில் ஒரு நாற்காலி

அண்ணா,

அப்பா வரும்வரை படகைத் தேய்க்க ஆரம்பிக்காதே. கவிழ்த்து வைத்ததில் பின்பக்க விளிம்பு தொய்ந்திருக்கிறது. நீ அழுத்தினால் பலகை பிளந்துவிடும்.

அப்பா தாங்குகட்டையைச் சரியாக வைக்கவில்லை என்று நேற்று குதித்தாயே, அதை நகர்த்தியது நான்தான். படகுக்கு அடியில் உட்கார்ந்து நாவல் படிக்க நாற்காலி நுழையவில்லை என்று ஒரு சாண் தள்ளினேன். பலகை இடுக்கு வழியாக வெயில் கோடுகோடாக விழும். வேறு ஏதோ ஊரில் இருப்பது போலிருக்கும்.

நீயும் அப்பாவும் சேர்ந்து படகைத் தூக்கினால்தான் கட்டை பழைய இடத்துக்குப் போகும். தனியாக வீரம் காட்டாதே. சாப்பாடு அடுப்பின்மேல் இருக்கிறது.

பி.கு.: அப்பாவிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். "தெரியும்மா" என்றார்.

"அப்புறம் ஏன் அண்ணன்கிட்ட சொல்லல?"

"உன்மேல பாய்ஞ்சிருப்பான்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.