பனிமூட்டத்தில் பறந்த பெருசு

"உன் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாவா தெரியுது?"

ஏரியின் நடுவே, உதடு மட்டும் அசைய, நீ என்னிடம் கேட்ட கேள்வி இது. இன்று காலை கரைக்குப் போனேன். பனி இறங்கியிருந்தது. ஈரச் சேறும் ஊறிய கயிறும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியது. அப்படியே திரும்பி வந்துவிட்டேன். நீ கண் மூடி இரண்டு மழைக்காலம் ஆகிறது. உனக்கு எழுத்துத் தெரியாது. அதனால் எழுத எழுத வாய்விட்டுப் படிக்கிறேன்.

அப்போது நமக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். உன் வயிற்றில் நம் மூத்தவள். தீவுக் குப்பத்தில் உன் நைனாவைப் பார்த்துவிட்டு, உன் வீட்டுத் தோணியில் பழவேற்காட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் துணிக் கிடங்கில் மூட்டை தூக்கியவரின் மகன். மணலில் விரலால் எழுதவைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன். நீயோ நடக்கப் பழகும் முன்பே தோணியில் ஏறியவள். கழி ஊன்றத் தெரியாமல் நான் தடுமாறியதைப் பார்த்து உன் நைனா சிரித்தார். "மாப்ளே, தண்ணிய அடிக்காதே, தள்ளு. அது உன்கிட்ட படிக்கிற புள்ள இல்ல."

பஞ்ச வருடம் அது. ஒல்லாந்தர் கப்பல்கள் முகத்துவாரத்துக்கு வெளியே நின்றன. துணியும் மிளகும் போன வழியில் அந்த வருடம் ஆட்களும் அடிமைகளாகப் போனார்கள். பசியால் தங்களையே விற்றவர்கள் சிலர். மற்றவர்களைத் தரகர்களின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். தனித் தோணிதான் அவர்களுக்கு வசதி. அதனால் வேறு இரண்டு தோணிகளோடு சேர்ந்துதான் புறப்பட்டோம். பாதி ஏரியில் பனி வந்து மூடியது. பக்கத்துத் தோணி தெரியவில்லை. பிறகு அதன் சத்தமும் கேட்கவில்லை.

எந்தப் பக்கம் கரை என்று தெரியாமல் கழியைப் பிடித்தபடி நின்றேன். தலைக்கு மேலே, எட்டிப் பிடிக்கிற உயரத்தில், கறுப்புப் பறவைகள் ஏழெட்டுப் பறந்துபோயின. எனக்கு உயிர் வந்தது. "நீர்க்காக்கை! விடிஞ்சதும் கரைக்குத்தான் போகும். அது பின்னாடியே போயிடலாம்" என்று தோணியைத் திருப்பினேன். ஊர்க் காக்கைகள் விடிந்ததும் மீன் இறங்கும் துறைக்கு வரும். அதையே இவற்றுக்கும் பொருத்திவிட்டேன். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்: கறுப்பாக இருக்கும், நீரில் முங்கும், அதுதான் நீர்க்காக்கை. ஒரே வரி.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"யாரு தோணி?"

பனியில் ஒரு தோணி இப்படிக் கூப்பிட்டால் மற்றது குப்பத்துப் பேரைச் சொல்ல வேண்டும். அது ஏரியின் வழக்கம். பதில் சொல்லாமல் போகிறவனை மறுநாள் யாரும் மதிக்க மாட்டார்கள். குரல் இனிமையாக இருந்தது. "வழி தெரிலயா? இப்டி வாங்க, கரை இங்கதான் கீது." பறவைகள் போன அதே பக்கம். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நீ பாய்ந்து வந்து பொத்தினாய். உன் உள்ளங்கை உப்பாக இருந்தது.

"இன்னா பண்றே? நம்ம ஆளுதானே?" என்று உன் விரல்களுக்கு இடையில் முணுமுணுத்தேன்.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாய். கையைத் தாழ்த்தி, வலப்பக்கம் சேற்றில் நட்டிருந்த மூங்கில் கழியொன்றில் உட்கார்ந்திருந்த ஒற்றைப் பறவையைக் காட்டினாய். அதுவும் கறுப்புதான். சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

"ரெண்டும் நீர்க்காக்கைதான், ஆனா இது சிறுசு. வாலப் பாரு, உடம்புக்கு மீறி நீட்டு. கொஞ்சூண்டு மூக்கு. முட்டியளவு தண்ணியிலதான் மேயும். மேல போனது பெருசு. கழுத்து உன் மணிக்கட்டு தடி. மூட்ட தூக்குற ஆளு மாதிரி மெதுவா சிறகடிச்சுதே, பாக்கல? குளிருக்கு வர்ற பறவை. அதுக்கு ஆழம் வேணும். ஆழம் எங்க கீது? முகத்துவாரத்துலதான்."

"அப்போ அந்தக் குரல்?"

"கப்பல் நிக்கிற இந்த மாசத்துல அங்க நம்ம ஆளு எவன் வலை போடுவான்? கரை இங்கன்றான். அங்க கரையே கிடையாது. தரகன் ஆளுதான்."

வாத்தியார் என்பதால் விளக்கிச் சொல்ல முயல்கிறேன். பனங்காய் நிறைய உள்ள கூடையில் எது முற்றியது என்று தூரத்தில் நின்று சொல்ல முடியாது. கையில் எடுத்துத் தட்ட வேண்டும். நான் தூரத்தில் நின்று பேர் வைத்தவன். நீ ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தவள். அந்தக் காலையில் அந்த வித்தியாசம் மூன்று உயிர்.

நீ கழியை வாங்கி, தண்ணீர் சலசலக்காமல், அந்தச் சிறிய பறவை உட்கார்ந்திருந்த பக்கம் தள்ளினாய். குரல் மறுபடியும் கேட்டது. "யாரு தோணி? பயப்படாதீங்க."

பனிக்குள் வேறெங்கோ இருந்து பதில் வந்தது. வயதான ஆணின் குரல். "வடக்குக் குப்பம்பா! இதோ வர்றோம்!" கூடவே ஒரு பெண்ணின் இருமல்.

நம்மோடு புறப்பட்ட தோணிகள் இரண்டும் வடக்குக் குப்பத்தவை அல்ல. அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. கத்த வாயெடுத்தேன். நீ என்னைப் பார்த்தாய். வேண்டாம் என்று தலையை அசைத்தாய். உன் ஒரு கை கழியில், மறு கை வயிற்றில். நான் கத்தவில்லை. மரத்தில் மரம் மோதும் சத்தம் கேட்டது. "அய்யோ, விடுங்கடா" என்று அந்தப் பெண்ணின் குரல் ஒருமுறை. பிறகு ஒன்றுமில்லை. சேற்றில் நம் தோணி தட்டி நின்றபோது, சுற்றிலும் சிறிய கறுப்புப் பறவைகள் ஒன்றும் நடக்காததுபோல மேய்ந்துகொண்டிருந்தன.

வடக்குக் குப்பத்தில் ஒரு கிழவரும் அவர் மகளும் திரும்பவில்லை என்று நான்கு நாள் கழித்துக் கேள்விப்பட்டோம். நீ அன்று சமைக்கவில்லை. அதற்குப் பிறகு பனியில் யார் கூப்பிட்டாலும் நீ பதில் சொன்னதே இல்லை. "வாத்தியார் பொண்டாட்டிக்குத் திமிரு" என்றார்கள். நான் ஒருவரிடமும் காரணம் சொல்லவில்லை. சொன்னால், நாம் கத்தாமல் இருந்ததையும் சொல்ல வேண்டுமே. ஒரு தடவை மட்டும், நம் மகள் முதன்முதலாகத் தனியாகத் தோணி தள்ளிய நாளில், நீ என்னிடம் சொன்னாய்: "அந்த வடக்குக் குப்பத்துப் பொண்ணுக்கும் யாராச்சும் சிறுசு பெருசு சொல்லிக் குடுத்திருக்கலாம்யா." எழுத்து மட்டும் சொல்லிக்கொடுத்தவன் நான்.

நீ அப்படிச் சொன்ன மறுநாளே, பள்ளியில் நீர்க்காக்கை பற்றிய அந்த ஒரு வரியை அழித்துவிட்டேன். ஒவ்வொரு மார்கழியிலும் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போனேன். பயந்துகொண்டேதான் போனேன். வால், கழுத்து, சிறகடிப்பு என்று ஒவ்வொருவரும் பார்த்துச் சொல்லும்வரை விடமாட்டேன். எத்தனை பேருக்குச் சொன்னாலும் அந்த இருமல் என் காதை விட்டுப் போகவில்லை. நீ இருந்தவரை அதை நாம் இருவரும் சேர்ந்து சுமந்தோம், இப்போது முழுதும் என் பங்கு.

இந்த ஓலை நம் மகளிடம் போகும். அவளுக்குப் பிறகு யார் படித்தாலும் அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பனி நாளில் ஒரு கறுப்புப் பறவை உங்களைக் கடந்து பறந்தால், உடனே பேர் சொல்லாதீர்கள். அது எங்கே போய் இறங்குகிறது என்று முதலில் பாருங்கள்.