ஒட்டி அடித்த தகரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். "அடுப்பை மூட்டாதே. தொட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்து. காரணம் கடிதத்தில்." படித்துப் பார்த்த தந்தி அலுவலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, யாராவது போயிட்டாங்களா சார் என்று மெதுவாகக் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். அப்புறம்தான் முத்திரை குத்தினார்.

இங்கே எல்லோரும் நலம். இந்தச் சொல்லை இத்தனை வருடம் யோசிக்காமலே எழுதி வந்திருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை, பாப்பாவின் அறையில் கண்ணாடி மாட்ட ஓர் ஆணி அடித்துத் தரச் சொன்னாள் உன் அக்கா. தச்சனைக் கட்டிக்கொண்டு ஒரே ஓர் ஆணிக்கு மூன்று மாதம் காத்திருப்பவள் உலகத்தில் தான் ஒருத்திதான் என்றும் சொன்னாள். அந்த அறைக்கும் பட்டறைக்கும் நடுவே இருப்பது ஒரே பலகைச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் விறகடுப்பு என்பது உனக்குத் தெரியும். ஆணியை வைத்து ஒரு தட்டு தட்டினேன். ஆணி உள்ளே போயிற்று. பின்னாலேயே சுத்தியலின் தலையும் போயிற்று. வெளியே இழுத்தபோது கட்டில் விரிப்பில் ஒரு கை அளவு கரி கொட்டியது.

பட்டறைப் பக்கம் ஓடி, அடுப்புச் சூடு படாமல் இருக்கச் சுவரில் அடித்திருந்த தகரத்தைப் பெயர்த்தேன். அதன் பின்னால் சுவர் இல்லை. ஓர் ஆள் அகலத்துக்கு, சுவரின் வடிவத்தில் கரி நின்றுகொண்டிருந்தது. அறைப் பக்கம் மிச்சம் இருந்தது அட்டை கனத்துக்கு மரமும், நான் அடித்த பச்சை வண்ணமும்தான். வண்ணம் மட்டும் நன்றாகவே இருந்தது.

அந்தத் தகரத்தை அடித்த அன்று ஒரு முனையை நீதான் பிடித்துக்கொண்டாய். இடைவெளி தெரிந்தால் நம் தொழிலில் மானம் போய்விடும். அதனால் நான்கு விரலுக்கு ஓர் ஆணி வைத்துச் சுவரோடு இறுக்கினேன். ஊசிகூட நுழையாது அத்தான் என்று நீ சொன்னாய். நானும் அடக்கமானவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

அடுப்புக்குழாய் மாட்டும் தகரக்காரரை அழைத்தேன். கரியை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "கரிச் சூளையிலகூட இவ்வளவு நல்லா வராதுண்ணே" என்றார். பிறகு விளக்கினார். தகரம் சூட்டைத் தடுக்காது. வாங்கிய சூட்டை, தன்னை ஒட்டியிருக்கும் மரத்துக்கு அப்படியே கொடுத்துவிடும். மரம் புகையாமல், வாடை காட்டாமல், வருடக்கணக்கில் வெந்து கரியாகும். அப்புறம் ஏதோ ஒரு நாள், தினமும் மூட்டுகிற அதே தீயே அது பற்றிக்கொள்ளப் போதும். தகரத்துக்குப் பின்னால் இரண்டு விரல் இடம் விட்டு, மேலும் கீழும் திறந்து வைத்தால், காற்று நுழைந்து சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடுமாம். "தகரம் சும்மா சட்டைண்ணே, காத்துதான் வாட்ச்மேன்" என்றார். வாட்ச்மேனை நுழையவிடாமல் நான் ஆணி அடித்திருக்கிறேன்.

பாப்பா ஐந்து குளிர்காலம் அந்தச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறாள். இதமா இருக்குப்பா என்பாள். அதை என் வேலைக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டேன். உன் அக்கா கட்டிலில் உட்கார்ந்து அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு வருடத்தில் அவளிடம் நான் வாங்கிய மிகப் பெரிய திட்டு அதுதான்.

பிறகு, தம்பி எழுதின லெட்டர எடுங்க என்றாள். உன் புதுப் பட்டறையிலும் என்னைப் போலவே ஒட்டி அடித்துவிட்டதாக எழுதியிருந்தாய். அடுத்த அறை வெதுவெதுப்பாக இருப்பதால் தொட்டிலை அந்தச் சுவரோரம் போட்டிருப்பதாகவும் எழுதியிருந்தாய். போன மாதம் பட்டறைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைப் படித்துக் காட்டினேன். இப்போது என் கை அந்தத் தாளைப் பிரிக்கவில்லை. அவள்தான் பிரித்தாள்.

உடனே தகரத்தைப் பெயர். பழுப்பேறிய பலகையையும் விட்டுவைக்காமல் வெட்டி எடு. புதுப் பலகை போட்டு, இரும்புக் குழாயை இரண்டு விரல் நீளத் துண்டுகளாக அறுத்து, பலகைக்கும் தகரத்துக்கும் நடுவில் கொடுத்து மாட்டு. துண்டுகளை அடுப்புக்கு நேர் பின்னால் வைக்காமல் ஓரங்களில் வை. அவற்றுக்குப் பதில் மரக்கட்டை கொடுக்காதே. உன்னை எனக்குத் தெரியும், அழகாக இழைத்துக் கொடுப்பாய். அடுப்பையும் சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளிப் போடு. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். என்னுடையதும் அசிங்கமாக இருக்கிறது.

அதுவரை குழந்தைக்கு இன்னொரு கம்பளி போர்த்துங்கள். உன் மனைவியிடம் எதையும் மறைக்காதே. இது யாருடைய வேலை என்பதையும் சொல்லிவிடு.

தகரத்துக்குப் பின்னால் உன் பலகை இன்னும் வெள்ளையாகவே இருந்தால் என்னைக் கிண்டல் செய்து நான்கு பக்கம் எழுது, வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டுகிறேன். வேறு மாதிரி இருந்தாலும் எழுது. தபால்காரர் வரும் நேரத்தில் உன் அக்கா வாசலில் நிற்கிறாள். எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நானும் அங்கேதான் நிற்கிறேன்.

குழந்தை நூறு வருடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்